குச்சியால் புரட்டிய நோட்டு

ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி முகாம். தலைப்பு: ஆசிரியரின் தொழில்சார் பழக்கங்களும் ஊக்கமும். இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோருக்கும் கண் சொருகும் நேரத்தில், கவிதை வாசிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேங்கில் கிளார்க்காக இருந்துகொண்டு கவிதையும் எழுதித் தொலைக்கிறவனுக்கு எங்கள் வட்டாரத்தில் இப்படிப்பட்ட அழைப்புகள் வருவதுண்டு. லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சு எனக்குப் பழகிய இடம்தான்.

பேச்சாளர் ஆசிரியரை மெழுகுவர்த்தி என்றார். ஏணி என்றார், தோணி என்றார். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று 'நான் சிறந்த ஆசிரியர்' என்று மூன்று தடவை சொல்லச் சொன்னார். ஐம்பது வயசு ஆட்களெல்லாம் எழுந்து நின்று சொன்னார்கள். வேலை என்று நினைக்காதீர்கள், தவம் என்று நினையுங்கள் என்றார். முடிக்கும்போது குருபக்திக்கு உதாரணமாக ஏகலைவன் கதையைச் சொன்னார். கட்டைவிரலை வெட்டிக் கொடுத்தவனைப் பற்றி அவர் உருகியதைப் பார்த்து, வாங்கிக்கொண்ட ஆளைப் பற்றி ஒரு வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எப்படி வரும்? சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளருக்கு இந்திய அரசு 1985ஆம் ஆண்டிலிருந்து கொடுத்துவரும் விருதுக்கே துரோணாச்சாரியார் விருது என்றுதான் பெயர். மேடையில் ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். 1848இல் புனேயில் சாணியும் சேறும் எறிபட்டுக்கொண்டே, மாற்றுச் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் நடத்தப்போன சாவித்திரிபாய் பூலேவின் படம் அந்த மண்டபத்தில் எங்கேயும் இல்லை.

என் முறை வந்தது. கவிதை வாசிக்கவில்லை. "உங்க வகுப்புல நாற்பது பிள்ளைங்கன்னு வைங்க. ஒரு பேப்பர்ல நாற்பது பேரையும் ஞாபகத்துலருந்து எழுதுங்க. கடைசியா ஞாபகம் வந்த பேரையும், ஞாபகத்துக்கே வராத பேரையும் பாருங்க. அவங்க எந்தத் தெரு?" என்று கேட்டேன்.

பேனாவைத் திறந்தவர்கள் மூடிவிட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "எங்க ஸ்கூல்ல சாதியெல்லாம் கெடையாதுங்க சார். எல்லாப் பிள்ளைங்களையும் நாங்க ஒண்ணாத்தான் பாக்கறோம். நீங்கதான் இதை இங்க கொண்டுவர்றீங்க." நல்ல கைதட்டல். அப்புறம் டீ வந்தது. எனக்கு ஒரு துண்டைப் போர்த்தி அனுப்பிவிட்டார்கள். அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது யோசித்ததுதான் இது.

ஆசிரியர்களுக்கு ஊக்கம் குறைந்துபோய்விட்டது என்று எல்லோரும் அழுகிறார்கள். பத்திரிகைகள் எழுதுகின்றன. கணக்கும் வைத்திருக்கிறார்கள். 2003இல் இந்தியா முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்த ஓர் ஆய்வில் நாலில் ஒரு ஆசிரியர் பள்ளியில் இல்லை. கிட்டத்தட்ட பாதிப் பேர்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இந்தக் கணக்கை யார் எதற்காக எடுத்து வீசுகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அரசுப் பள்ளியே உதவாது, தனியாருக்கு விடு என்று சொல்லத்தான் பெரும்பாலும் இது பயன்படுகிறது. அந்தக் கோஷ்டியோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே பள்ளிக்கூடம் அரசுப் பள்ளிக்கூடம்தான். அதை இழுத்து மூடச் சொல்கிறவன் எங்கள் பக்கத்து ஆள் இல்லை.

நான் கேட்பது வேறு. ஊக்கம் இல்லையா, அல்லது ஊக்கம் யாருக்கு என்று பங்குபோட்டு வைத்திருக்கிறார்களா? ஊராட்சித் தலைவர் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அதே வாத்தியாருக்கு ஊக்கம் எங்கிருந்து வந்துவிடுகிறது? மாலையில் டியூஷனில் எப்படி வருகிறது? டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 28ஆம் பிரிவில் சொல்கிறது. அது தனிக் கதை. ஒரு மனிதன் ஒரே நாளில், ஒரே வகுப்பறையில், முதல் வரிசையில் துடிப்பாகவும் கடைசி வரிசையில் சோர்வாகவும் இருக்கிறான் என்றால் அது மனோதத்துவப் பிரச்சினை இல்லை. அரசியல் பிரச்சினை.

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளி ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிறது. நடுவில் என்றால் சரிபாதியில் இல்லை. ஊர்த்தெருவை ஒட்டிக்கொண்டு, காலனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் நாலாம் வகுப்பு, அக்கா ஏழாம் வகுப்பு. 1997 என்று நினைவு. அக்காவுக்குக் கணக்கு வாயில் இருக்கும். கரும்பு வெட்டப்போன கூலியை ஆளுக்கு எவ்வளவு என்று மேஸ்திரி பிரித்துச் சொல்வதற்குள் அவள் சொல்லிவிடுவாள். இதற்காகவே மேஸ்திரிக்கு அவளைப் பிடிக்காது.

கணக்கு வாத்தியார் நோட்டுத் திருத்துவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஊர்த்தெருப் பிள்ளைகளின் நோட்டு மேசைக்கு வரும். கையில் எடுப்பார், படிப்பார், தப்புக்குச் சுழி போடுவார், காதைத் திருகிச் சரியான விடையைப் பக்கத்தில் எழுதிக்கொடுப்பார். காலனிப் பிள்ளைகள் நோட்டைத் திறந்து தரையில் வரிசையாக வைக்கவேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிரம்பு நுனியால் பக்கத்தைப் புரட்டுவார். "லீடர், ரைட் போடு." லீடர் பையன் குனிந்து சிவப்புப் பேனாவால் ரைட் போட்டுக்கொண்டே போவான். அவனும் நோட்டைத் தொடமாட்டான், பேனா மட்டும்தான் தொடும். அடி கிடையாது, திட்டு கிடையாது. யாராவது இன்ஸ்பெக்ஷனுக்கு வந்து பார்த்திருந்தால் எல்லா நோட்டும் திருத்தியிருக்கிறது என்றுதான் எழுதியிருப்பார். காலனிப் பிள்ளைகள் எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு.

அக்காவுக்குத்தான் சந்தேகம் வந்தது. ஒருநாள் பத்துக் கணக்கையும் வேண்டுமென்றே தப்பாகப் போட்டாள். ஏழெட்டு பன்னிரண்டு என்று எழுதினாள். ரைட். மறுநாள் விடை எழுதவேண்டிய இடத்தில் எங்கள் வீட்டு ஆட்டின் பெயரை எழுதினாள். ரைட். மூன்றாம் நாள் 'சார் இதைப் படிக்கமாட்டார்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள். லீடர் பையன் படித்துவிட்டான். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே அதற்கும் ஒரு ரைட் போட்டான்.

அன்றைக்கு ராத்திரி அவள் என்னிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பாக்காத நோட்டுக்கு எதுக்குடா எழுதணும்?" காலாண்டுப் பரிட்சைக்கு அவள் போகவில்லை. அப்பா இரண்டு அடி போட்டார், ஆயா கெஞ்சினாள். போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒருத்தரும் வந்து கேட்கவும் இல்லை. பிற்பாடு ஏதோ ஒரு சான்றிதழுக்காகப் போனபோது தெரிந்தது: வருகைப் பதிவேட்டில் அந்த வருஷம் முழுக்க அக்கா பள்ளிக்கூடம் வந்திருக்கிறாள். சத்துணவுக் கணக்குக்கு அவள் தேவைப்பட்டிருக்கிறாள்.

இந்த வாத்தியாருக்கு ஊக்கம் இல்லை என்று சொல்லமுடியுமா? நேரத்துக்கு வருவார். பாடக்குறிப்பு எழுதுவார். லீவு அதிகம் போடமாட்டார். தொழில்சார் பழக்கங்கள் என்று முகாமில் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் அவரிடம் இருந்தது. பிரம்பால் புரட்டுவதும் அவற்றில் ஒன்று, அவ்வளவுதான். அவரைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பினால் கண்ணாடி முன் நின்று மூன்று தடவை சொல்லிவிட்டு, இன்னும் உற்சாகமாகப் பிரம்பால் புரட்டியிருப்பார்.

சதாராவில் சிறுவன் பீமராவ் படித்த வகுப்பிலும் பாடம் நடக்காமல் இல்லை. மணி அடித்தது, வருகை எடுத்தார்கள், ஆசிரியர் வந்தார். ஆனால் அவர் உட்காரத் தனிக் கோணி. அந்தக் கோணியையும் தினமும் அவரே வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொண்டுவரவேண்டும். பியூன் வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர். பியூன் இல்லாவிட்டால் தாகம். அம்பேத்கரே எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கோணிதான் அந்தப் பள்ளியின் தொழில்சார் பழக்கம். அதை யாரும் பாடத்திட்டத்தில் எழுதவில்லை. எழுதாததால்தான் அது இவ்வளவு காலம் நீடிக்கிறது.

1995இல் சேலம் மாவட்டத்தில் பொதுப்பானையில் தண்ணீர் மொண்டு குடித்த சின்னப் பெண்ணை ஆசிரியர் அடித்து ஒரு கண் போனது. 2022இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவவிட்ட தலைமையாசிரியை கைதானார். இவை செய்தி ஆனவை. கண் போனால்தான் செய்தி, கைது நடந்தால்தான் செய்தி. பிரம்பால் புரட்டிய நோட்டு செய்தி ஆகாது. உடம்பை வதைப்பதையும் மனசை வதைப்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. தப்பான கணக்குக்கு ரைட் போடுவது எந்த வதையில் சேரும் என்று எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கேட்பது?

இன்னொரு பழக்கம். எஸ்.சி. உதவித்தொகைக்குப் பட்டியல் எடுக்கவேண்டும். நாற்பது பேர் நடுவில், "எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திரு." எழுந்து நிற்போம். அந்த நிமிஷம்வரை பக்கத்தில் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தவன் கொஞ்சம் நகர்ந்து உட்காருவான். பட்டியல் எடுக்கும் வாத்தியாருக்கு மனசில் விஷம் எதுவும் இல்லாமல்கூட இருக்கலாம். நமக்குக் காசு வரட்டும் என்றுதான் செய்திருப்பார். ஆனால் அது என்ன செய்யும் என்பதற்குச் சோதனையே நடந்திருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்து, தீர்த்ததற்குக் காசும் கொடுத்தார்கள். சாதி சொல்லாமல் விட்டபோது மேல்சாதிப் பையன்களும் தலித் பையன்களும் ஏறக்குறைய சமமாகத் தீர்த்தார்கள். பேரோடு சாதியையும் எல்லோர் முன்னால் அறிவித்துவிட்டு அதே புதிரைக் கொடுத்தபோது தலித் பையன்கள் சரிந்துபோனார்கள். 2004இல் உலக வங்கியே வெளியிட்ட ஆய்வு இது. உலக வங்கி எங்களுக்கு நண்பன் இல்லை. எதிராளி வாயிலிருந்து வந்த சாட்சி என்பதால் சொல்கிறேன். நாற்பது பேர் முன்னால் எழுப்பி நிற்கவைத்துவிட்டு, அடுத்த பீரியடில் 'இவனுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை' என்று எழுதுகிறார்களே, அந்த ஆர்வத்தை அடித்துக் கொன்ற கை எது?

நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கையில் சாதிக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, பெயரின் அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்றெல்லாம் சொன்னார். உடனே வந்த எதிர்ப்பைப் பார்த்தீர்களா? கயிற்றைத் தொட்டால் மதத்தைத் தொட்டதாகக் கத்தினார்கள். அகரவரிசை என்கிற சின்ன விஷயம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்குத் தெரியும். அகரவரிசைக்கு ஊர்த்தெரு தெரியாது, காலனி தெரியாது.

ஆசிரியர்கள் சொல்லும் குறைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆள் இரண்டு வகுப்பு, மூன்று வகுப்பு பார்க்கிறார். செல்போன் ஆப்பில் பதிவேற்றுவதிலேயே முதல் பீரியட் போய்விடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை இழுக்கக் கூடாது என்று சட்டத்தின் 27ஆம் பிரிவில் இருக்கிறது, இருந்தும் இழுக்கிறார்கள். 2022இல் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று வைத்து ஆள் எடுத்தது அரசாங்கம். அந்தச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத் தவம் செய் என்று சொல்வதற்கு நாக்கு கூசவேண்டும். பழைய பென்ஷனுக்காக 2019 ஜனவரியில் ஆசிரியர்கள் ஸ்டிரைக் செய்தபோது அது நியாயமான ஸ்டிரைக் என்று எங்கள் பேங்கில் வாதாடியவர்களில் நானும் ஒருத்தன். ஆனால் சங்கத்துக்காரர்கள் அன்றைக்கு என் கையில் கொடுத்த கோரிக்கை நோட்டீசில் எங்கள் பிள்ளைகளின் நோட்டு ஒரு வரியாகக்கூட இல்லை.

எங்கள் வேலையைச் சொல்கிறேன். சாயங்காலம் கேஷ் டேலி ஆகவேண்டும். பத்து ரூபாய் குறைந்தாலும் கேஷியர் கிளம்பமுடியாது. கட்டைப் பிரித்து மறுபடி எண்ணவேண்டும், வவுச்சரை ஒவ்வொன்றாகப் புரட்டவேண்டும், கடைசியில் கிடைக்காவிட்டால் அவர் கைக்காசு போகும். நான் போடும் ஒரு பதிவை இன்னொருத்தர் பார்த்துப் பாஸ் பண்ணாமல் அது கணக்கில் ஏறாது. ஐம்பது ரூபாய் என்றாலும் இரண்டு ஜோடிக் கண்கள். காலையில் இதற்காக எங்களுக்கு யாரும் மெழுகுவர்த்திக் கதை சொல்வதில்லை. எனக்கு அந்த வேலையில் பெரிய ஊக்கமும் கிடையாது, உண்மையைச் சொன்னால் பாதி நாள் கவுன்டரில் உட்கார்ந்து கவிதைதான் யோசிக்கிறேன். ஆனாலும் கேஷ் டேலி ஆகிறது. ஊக்கத்தால் ஆகவில்லை, பழக்கத்தால் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் நாலரை மணிக்கு மணி அடிக்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத பத்துப் பிள்ளைகள் கணக்கில் குறைகிறார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு கற்றிருக்கிறது என்று மதிப்பிட்டு, குறைகிற பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் கடமை என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அதில் இருக்கிற சொல் 'ஒவ்வொரு'. நேரத்துக்கு வருவதையும் பாடத்தை முடிப்பதையும் எப்படியோ பார்த்துக்கொள்கிறார்கள். 'ஒவ்வொரு' என்கிற சொல்லில்தான் தடுமாறுகிறார்கள்.

நான் யோக்கியன் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த புதிதில் கவுன்டரில் சட்டை மடிப்புக் கலையாத ஆட்களைச் சார் என்பேன். நூறுநாள் வேலைக் கூலி எடுக்கவரும் கிழவிகளை "இந்தாம்மா, தள்ளி நில்லு, ரேகை வை" என்பேன். ஒருநாள் அப்படி ஒரு கிழவி ரேகை வைத்துவிட்டு, மை துடைக்கத் துணி கேட்க பயந்துகொண்டு, விரலைத் தன் சேலையிலேயே துடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் ஆயா மாதிரியே இருந்தது. எங்கள் காலனியில் பிறந்தவன்தான் நான். எனக்கு இந்தப் பழக்கத்தை யார் கொடுத்தது? கவுன்டர் கொடுத்தது. பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்துப் படித்தேன். அன்றைக்கு எனக்கு ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை. மறுநாளிலிருந்து யார் வந்தாலும் பாஸ்புக்கில் இருக்கும் பேரைச் சத்தமாகப் படித்து, பேரோடு 'அம்மா' சேர்த்துக் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஆறு மாசம் வாய் கூசியது. இப்போது கூசவில்லை. அதனால்தான் மனமாற்றம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. மனசு பிறகு வரட்டும், முதலில் கை நோட்டை எடுக்கட்டும்.

அப்படி நோட்டை எடுத்த கை ஒன்று எனக்குக் கிடைத்தது. ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளியில் ஒரு தமிழ் டீச்சர். கோபக்காரர். பஞ்சப்படி ஏறவில்லை என்று வகுப்பிலேயே புலம்புவார். மாச முதல் வாரம் ஒரு நாள் லீவு நிச்சயம். முகாம்காரர்கள் அவரைப் பார்த்தால் ஊக்கம் பூஜ்யம் என்றுதான் எழுதுவார்கள். ஆனால் நோட்டுகளைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவார். மறுநாள் வரும்போது நோட்டில் குழம்புக் கறை இருக்கும். எங்கள் வீட்டு நோட்டு அவர் வீட்டு அடுப்பங்கரைவரை போய் வந்திருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு கட்டுரையின் ஓரத்தில் 'இந்த வரி யாருடையது? உன்னுடையது என்றால் நல்ல வரி' என்று எழுதியிருந்தார். என்னுடையதுதான். நான் கவிதை எழுத ஆரம்பித்தது அங்கேதான் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கும், ஆனால் ரொம்பத் தூரத்தில் இல்லை.

செயல்வழிக் கற்றல் என்று ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். அட்டைகள், ஏணிப்படிகள், குழுக்கள். அதில் இருந்த நல்லது கெட்டது பற்றிக் கல்வியாளர்கள் பேசிக்கொள்ளட்டும். நான் கவனித்தது ஒன்றுதான். ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில், பிள்ளைகளோடு வட்டமாக, முட்டியோடு முட்டி உட்காரவேண்டும். வந்த புகார்களில் பாதி, முட்டி வலிக்கிறது என்பது. வயசான ஆசிரியர்களுக்கு நிஜமாகவே வலித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு இளம் வாத்தியாருக்கும் வலித்தது. அவருக்குக் காலனிப் பிள்ளைகள் இருந்த வட்டத்தில் மட்டும் வலித்தது.

நம் ஆட்களையும் விடக்கூடாது. இடஒதுக்கீட்டில் வாத்தியாராகி, டவுனில் வீடு பிடித்து, சாதி தெரியாமலிருக்கத் தெருப்பேரை மாற்றிச் சொல்லி, காலனிப் பிள்ளையிடம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கடுமையாக இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஸ்டாஃப் ரூமில் அவர்களுக்கென்று தனி டம்ளர் எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் எம்.சி. ராஜா ஆசிரியராக இருந்தவர், பாடநூல் எழுதியவர் என்பதையாவது அவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும். அப்புறம் நாம். ஏகலைவன் பற்றி மூன்று மணிநேரம் கருத்தரங்கம் போடுகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது; அந்தக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? நான் போனதில்லை. தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்க ஆள் வீட்டுக்கு வரும், அக்கா போட்டு அனுப்பிவிடுவாள். உறுப்பினர் அவள்தான்.

அக்காவின் சின்னமகள் அதே பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் இப்போது வர்ணம் அடித்து அழகாக இருக்கிறது. ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. பிரம்பு இல்லை. பழைய வாத்தியார் எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்டார். முகாமுக்குப் போய்வந்த அன்றைக்கு, அந்தத் துண்டோடு நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் தேதி, கையெழுத்து, சிவப்பு ரைட். முக்காலும் அரையும் கூட்டினால் ஆறில் நாலு என்று எழுதியிருந்தாள். ரைட். மேல் எண்ணை மேல் எண்ணோடும் கீழ் எண்ணைக் கீழ் எண்ணோடும் கூட்டியிருக்கிறாள். அதே தப்பு பதினோரு இடத்தில். பதினோரு ரைட்.

"எல்லாருக்கும் இப்படித்தானா பாப்பா?"

"இல்ல மாமா. அவங்களுக்குத் தப்புன்னா வட்டம் போட்டு, பக்கத்துல செஞ்சு குடுப்பாரு."

மறுநாள் அவளே ஒரு ஊர்த்தெருத் தோழியின் நோட்டை இரவல் வாங்கிவந்தாள். என்னடி சொல்லி வாங்கினாய் என்றேன். காப்பி அடிக்க என்றாளாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி தேதியாக டேலி பார்த்தேன். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதானே. அதே தேதி, அதே கணக்கு, அதே தப்பு. அங்கே வட்டம், பக்கத்தில் மூன்று வரியில் விளக்கம், அழகான கையெழுத்து. இங்கே ரைட். சொல்லிக்கொடுக்கத் தெரியாத ஆள் இல்லை அவர். நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

நான் அக்காவிடம் சொன்னேன், வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம், நான் வருகிறேன், சட்டப் பிரிவுகளை எழுதிக்கொண்டு வருகிறேன், பத்திரிகையிலும் எழுதுகிறேன் என்று. அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேணாம்டா, புள்ளய நாளைக்கு அங்கதான அனுப்பணும் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பிள்ளையின் நோட்டை எடுத்து, அந்தப் பதினோரு பக்கத்தையும் ஒவ்வொன்றாகக் காது மடித்தாள். பின்னக் கணக்கு அவள் ஏழாவதில் படித்தது. விடையைக் காகிதம் இல்லாமலேயே சொன்னாள், ஒண்ணேகால் என்று.

"நீ வராத தம்பி. நீ பேசினா கவித மாதிரி பேசுவ. நோட்ட என்கிட்ட குடு."